மோட்டார் சைக்கிள் டயர் தேர்வு

மோட்டார் சைக்கிள் டயர் தேர்வு என்பது, தேய்ந்த அல்லது பழுதடைந்த டயருக்குப் பதிலாக ஒரு விசையுந்துக்குப் பொருத்தமான புதிய டயரைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் இது ரயர் என எழுதப்படுவதும் உண்டு. இக்கட்டுரை சாலையில் ஓடும் வண்டிகளை, குறிப்பாக இந்தியாவில் பெருமளவில் பயன்படும் 100 முதல் 350 கன சென்டிமீட்டர் வரையிலான வண்டிகளை எடுத்துக்கொள்கின்றது.

விசையுந்து சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவே உள்ள இரண்டு இடங்களில் மட்டுமே. முடுக்குதல், நிறுத்துதல், திருப்புதல் ஆகிய அனைத்தும் அவ்விரு இடங்கள் வழியாகவே நிகழ்கின்றன. மகிழுந்து பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே திரும்பும். விசையுந்தோ சாய்ந்து திரும்பும். இதனால் விசையுந்து டயரின் தரைமுகம் தட்டையாக இல்லாமல் வளைந்த வடிவில் அமைந்திருக்கும். டயரைத் தெரிவு செய்கையில் எழும் சிக்கல்களில் பல இவ்வடிவத்தோடு தொடர்புடையவை.

மாற்ற வேண்டிய நிலை

மழை நீரை வெளியேற்றுவதற்காகத் தரைமுகத்தில் பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகளைப் பேச்சு வழக்கில் பட்டன் என்பர். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன்படி இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளங்களின் அடியில் சிறு திட்டுகள் அமைக்கப்பட்டிருக்கும். தரைமுகம் தேய்ந்து அத்திட்டுகளோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது எனக் கொள்ளலாம். சட்டம் கூறுவது கடைசி எல்லையையே. ஈரச் சாலையில் பிடிப்பு அதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், பருவமழை தொடங்கும் முன் மாற்றிவிடுவது நல்லது.

நேர்ச் சாலையில் அதிகம் ஓடும் வண்டியில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரங்களில் பட்டன் நன்றாக இருப்பதைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். இத்தகைய டயரில் சாய்ந்து திரும்பும்போது, தட்டைப் பகுதியின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் வண்டி திடீரெனச் சரிவது போன்ற உணர்வு ஏற்படும்.

அதிகம் ஓடாத வண்டியிலும் இரப்பர் முதுமை அடையும். ஆக்சிசனும் ஓசோனும் வெயிலும் இரப்பரை இறுகச் செய்து, பக்கச்சுவரில் வெடிப்புகளை உண்டாக்குகின்றன. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் டயர் உருவான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் ஆகும். வாங்கும்போதே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

பக்கச்சுவர்க் குறியீடுகள்

100/90-17 55 பி என்ற குறியீட்டில் 100 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 90 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இடையிலுள்ள சிறு கோடு, டயரின் உள்ளே நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் சாதாரண அமைப்பைக் காட்டும். அங்கு ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். 2.75-18 என்பது போன்ற பழைய முறையில் அகலமும் அங்குலத்திலேயே தரப்படும்.

இறுதியில் உள்ள 55 சுமைக் குறியெண். அதன் பொருள் 218 கிலோகிராம். பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரையான வேகத்தைக் குறிக்கும். எஸ் 180, எச் 210 ஆகும்.

கடைகளில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது இந்தச் சுமைக் குறியெண்தான். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் உள்ள வண்டிகளிலும் இது வேறுபடலாம்: 80/100-18 அளவில் 47 எண் கொண்ட டயர் 175 கிலோவையும், 54 எண் கொண்டது 212 கிலோவையும் தாங்கும். வண்டி 115 கிலோ, அதில் செல்லும் இருவர் தலா 70 கிலோ, ஓர் அரிசி மூட்டை 25 கிலோ எனில் மொத்தம் 280 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தில் இறங்கினாலே ஏறத்தாழ 187 கிலோ ஆகின்றது. அளவு ஒன்றுதானே என்று முன் சக்கரத்துக்குரிய டயரைப் பின்னால் மாட்டினால் என்ன நேரும் என்பதை இக்கணக்கு காட்டும்.

அகலமான டயர்

தோற்றத்துக்காக அகலமான டயர் போடும் வழக்கம் இளைஞரிடையே பரவலாக உள்ளது. அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்ற நம்பிக்கை பல நேரங்களில் பொய்க்கின்றது. ஒவ்வொரு டயருக்கும் உரிய ரிம் அகலம் உண்டு. குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் விளிம்புகள் உள்நோக்கி நெருக்கப்பட்டு, தரைமுகம் கூம்பிவிடும். தரையைத் தொடும் பகுதி எதிர்பார்த்தபடி அமையாது. எடை கூடுவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். சங்கிலியிலோ மண்காப்பிலோ உரசவும் கூடும்.

விட்டத்தையும் கணக்கிட வேண்டும். 100/90-17 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 612 மில்லிமீட்டர். 110/80-17 எனில் 608, வேறுபாடு சிறிது. 120/80-17 எனில் 624, அதாவது 2 விழுக்காடு அதிகம். தயாரிப்பாளர் கையேட்டில் தரும் அளவே பாதுகாப்பானது. மாற்று அளவு ஒன்றை அக்கையேடோ டயர் தயாரிப்பாளரோ பரிந்துரைத்தால் மட்டுமே ஏற்கலாம்.

அமைப்பும் இரப்பரும்

ரேடியல் டயர் வெப்பத்தைக் குறைவாகத் தேக்கும். உயர் வேகத்துக்கு ஏற்றது. சாதாரண டயரின் பக்கச்சுவர் விறைப்பானது, விலையும் குறைவு. நாள்தோறும் பணிக்குச் செல்லும் வண்டிக்கு இதுவே போதும். இரண்டையும் தாமாகக் கலந்து மாட்டுதல் கூடாது. எனினும் யமாகா ஆர்15 போன்ற சில வண்டிகள் முன்னால் சாதாரண டயரும் பின்னால் ரேடியலுமாகவே வந்துள்ளன. அது தயாரிப்பாளர் சோதித்து அமைத்த இணை.

மென்மையான இரப்பர் நன்கு பிடிக்கும், விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். இரண்டையும் முழுமையாகத் தரும் டயர் எதுவும் இல்லை. சில டயர்களில் நடுவில் கடினமாகவும் ஓரங்களில் மென்மையாகவும் இருவகை இரப்பர் பயன்படுகின்றது.

டியூப் உள்ள டயரில் ஆணி குத்தினால் காற்று வேகமாக வெளியேறக்கூடும். டியூப் இல்லாததில் பெரும்பாலும் மெல்லக் கசியும். ஆனால் சாதாரணக் கம்பிச் சக்கரத்தில் கம்பிகள் ரிம்மைத் துளைத்துச் செல்வதால் அதற்கு டியூப் தேவை. டயரை மாற்றும்போது டியூப்பையும் மாற்றிவிட வேண்டும்.

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிய பள்ளம் வெட்டி விற்பவர்களும் உள்ளனர். பள்ளம் ஆழமாகத் தோன்றினாலும், நூலடுக்கின் மேல் எஞ்சியிருந்த சிறிதளவு இரப்பரும் அதனால் போய்விடும். விலை எவ்வளவு குறைவாயினும் இதை வாங்கலாகாது.

மாட்டிய பின்

பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டும். அது மாறாமல் மாட்ட வேண்டும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் உள்ளபடி அளக்க வேண்டும். புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். எனவே முதல் 160 கிலோமீட்டர் வரை கடுமையாக பிரேக் பிடிப்பதையும் அதிகம் சாய்ந்து திரும்புவதையும் தவிர்க்க வேண்டும்.