மயக்கத்திலும் காது திறந்தே இருக்கிறது

கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ‘பெரா’ பரிசோதனை செய்வார்கள். குழந்தை அசைந்தால் பதிவு கெட்டுவிடும். அதனால் தூங்கவைத்துத்தான் செய்வது வழக்கம். சிலசமயம் அதற்கு மருந்தும் கொடுப்பதுண்டு. தலையில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, காதுக்குள் ‘டிக் டிக்’ என்று விடாமல் ஒலி செலுத்துகிறார்கள். பல நூறு ‘டிக்’குகளுக்குக் கிடைத்த பதில்களைக் கணினி சராசரி பார்த்ததும், திரையில் சின்னச் சின்ன முகடுகள் தெரிகின்றன. செவி நரம்பும் மூளைத்தண்டும் 10 மில்லி விநாடிக்குள் காட்டும் பதில் அது. குழந்தையோ நல்ல உறக்கத்தில் இருக்கிறது.

ஒலி உள்ளே போய்விட்டது. பிறகு எங்கே நின்றுபோகிறது?

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யுவல் நிர் குழு 2020-இல் இதற்கு நேரடியான விடை தந்தது. வலிப்பு மூளையின் எந்தப் பகுதியில் கிளம்புகிறது என்று கண்டறிய, சில நோயாளிகளின் மூளைக்குள் மின்முனைகள் பொருத்துவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை மெல்ல மெல்ல ஏற்றியபடியே ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். நினைவு தப்பிய பின்னும் முதன்மைச் செவிப்புறணி பெரும்பாலும் முன்போலவே பதில் கொடுத்தது. மூளையின் மேற்பரப்பில் ஒலி முதலில் வந்துசேரும் இடம் அதுதான். அதைத் தாண்டிய பகுதிகளில்தான் பதில் வெகுவாக அடங்கிப்போனது. செய்தி வாசல்வரை வந்தும் வீட்டுக்குள் பரவவில்லை.

இதை வைத்துக்கொண்டு, செவிப்புறணிக்கு மயக்கமும் விழிப்பும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு நரம்பணுவாகக் கவனித்தால் வேறுபாடு தெரியும். மயக்கத்தில் உள்ள விலங்குகளில், ஒலி தொடங்கிய கணத்தில் நரம்பணு சடசடவென்று சில துடிப்புகளை வெளியிட்டுவிட்டு ஓய்ந்துவிடும். ஒலி நீடித்தாலும் பெரும்பாலும் அது சும்மாதான் இருக்கும். செவிப்புறணியின் வேலையே அவ்வளவுதான் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷியாவ்சின் வாங் குழு, விழித்திருக்கும் மார்மோசெட் குரங்குகளிடம் பதிவெடுத்து 2005-இல் அதை மாற்றியது. ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பிடித்தமான ஒலி என்று ஒன்று இருக்கிறது. அது கேட்கும்போது, ஒலி முடியும்வரை நரம்பணு துடித்துக்கொண்டே இருந்தது. பிடிக்காத ஒலி என்றால் தொடக்கத்தில் ஒரு துடிப்போடு சரி, அல்லது அதுவும் இல்லை.

இன்னும் முந்தைய ஆதாரமும் உண்டு. பின்னாளில் பார்வை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற டேவிட் ஹியூபெலும் சகாக்களும், விழித்திருக்கும் பூனைகளின் செவிப்புறணியில் ஒருவகை நரம்பணுக்களைக் கண்டு 1959-இல் எழுதினார்கள். பூனை ஒலி வரும் பக்கம் கவனம் வைத்தால் மட்டுமே அவை பதில் கொடுத்தன. மயக்க மருந்து கொடுத்த பூனையிடம் இதைக் கண்டிருக்கவே முடியாது.

செவிப்புறணி பற்றிய ஆய்வு முடிவு எதைப் படித்தாலும், அந்த விலங்கு விழித்திருந்ததா, மயக்கத்தில் இருந்ததா என்பதை முதலில் பாருங்கள்.