பரணில் கிடக்கும் பழைய ரூட்டர்... மாடி அறைக்கு வைஃபை தரும்!

சாத்தூருக்குப் பக்கத்தில், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்தால் டவர் திணறத்தானே செய்யும்! பொறியியல் கலந்தாய்வு சூடுபிடிப்பதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான். 2018-லிருந்து அது ஆன்லைனில் நடக்கிறது. கெடுவுக்குள் கல்லூரி விருப்பத்தைப் பதிவு செய்து, கிடைத்த இடத்தையும் உறுதி செய்தாக வேண்டும். கீழே சொந்தபந்தம் நிறைந்திருக்க, பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகும். அங்கே வைஃபை ஒரு கோடு காட்டும், மறுநிமிடம் அதுவும் காணாமல் போகும்.

கம்பியும் கான்கிரீட்டுமாகப் போட்ட தளத்தைத் தாண்டி மேலே போவது வைஃபைக்குக் கஷ்டம். கடையில் விற்கும் ரிப்பீட்டரை வாங்கி மாட்டலாம். ஆனால் அது கீழிருந்து வரும் பலவீனமான சிக்னலைப் பிடித்துத்தான் திருப்பி அனுப்பும். சாதாரண ரகமாக இருந்தால் வேகம் பாதியாகிவிடும். அதைவிடப் பரணில் தூங்கும் பழைய ரூட்டர் மேல். கீழ் ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து அதில் செருகினால் போதும், அது ‘ஆக்சஸ் பாயிண்ட்’ ஆகிவிடும். கேபிள் செலவு மட்டும்தான்.

செருகுவதற்கு முன் ஒரு முக்கியமான வேலை உண்டு. பலரும் சறுக்குவது இங்கேதான்.

கோயில் வாசலில் செருப்பு விடும்போது டோக்கன் தருவார்களே, அதுபோல ஒவ்வொரு போனுக்கும் டி.வி-க்கும் ஓர் எண் கொடுப்பது ரூட்டரின் வேலை. இதற்கு டி.ஹெச்.சி.பி என்று பெயர். இரண்டு ரூட்டரும் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தால் குழப்பம்தான். மாடிக்கு நெட் வராதது ஒருபக்கம், கீழே நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் விட்டுவிட்டு அறுந்துபோகும். பழையதில் அந்த வேலையை நிறுத்திவிட வேண்டும்.

முதலில் பழைய ரூட்டரை ரீசெட் செய்து, அதை மட்டும் லேப்டாப்புடன் கேபிளில் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, பிரவுசரில் அடித்தால் செட்டிங்ஸ் திறக்கும். நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபைக்குக் கீழே இருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. பிறகு ரூட்டரின் முகவரியை மாற்ற வேண்டும். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 தரலாம். அந்த எண்ணைக் கீழ் ரூட்டர் வேறு யாருக்கும் கொடுக்காதபடி அதன் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். மாற்றியதும் இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம், புதிய முகவரியில் திரும்ப நுழைந்து டி.ஹெச்.சி.பி-யை அணைத்துவிடுங்கள்.

இப்போது கேபிளின் இரு முனையையும் லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் ‘வான்’ போர்ட் காலியாகவே இருக்கட்டும். செட்டிங்ஸிலேயே ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ இருந்தால் இவ்வளவு பாடு இல்லை, அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு பூசிய மலிவு ரகமும் கடையில் கிடக்கும். முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம். கரன்ட் வயர் போகும் குழாயில் சேர்த்துவிடக் கூடாது.

மொட்டைமாடி வழியாகவோ பக்கத்து வீட்டுக்கோ வெளியே இழுப்பதும் வேண்டாம். இடி மின்னல் என்றால் பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை இந்த வட்டாரத்துக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழும் மின்னலே தாமிரக் கம்பி வழியாக இரண்டு ரூட்டரையும் கருக்கிவிடும். வீடு விட்டு வீடு போக வேண்டுமென்றால் ஃபைபர்தான் சரி.

பழைய ரூட்டரின் போர்ட் 100 எம்.பி.பி.எஸ் வரைதான் தாங்கும் என்றால், 300 பிளான் போட்டிருந்தாலும் மாடியில் நூறைத் தாண்டாது. கலந்தாய்வுக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் அது தாராளம். பாதுகாப்பில் டபிள்யூ.பி.ஏ2 இல்லாத அளவுக்குப் பழசு என்றால் மட்டும் எடைக்குப் போட்டுவிடலாம். கரன்ட் போனால் இரண்டு ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் ‘192.168.1.2 - ரீசெட்டை அழுத்தாதே’ என்று எழுதி ரூட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். திருவிழாவுக்கு வந்த வாண்டு எதுவாவது அந்தச் சின்ன ஓட்டையில் குச்சியை விட்டால், மாடி ரூட்டர் மறுபடியும் டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிடும்!