மனுக் கொடுக்கும் பருவம்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று பரந்து கிடக்கும் இந்த மானாவாரிச் சீமையில், ஐப்பசி மழையின் ஈரம் காய்வதற்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால், மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டாமல் தவிக்கும் தம் குழந்தையைப் பரிசோதித்துப் பார்க்கும்படி பள்ளிக்கூடத்தில் எப்போது கேட்பது என்ற விஷயத்தில், அதே பெற்றோர்கள் “போகப் போக வந்துவிடும்” என்ற சமாதானத்திலேயே வருஷங்களைக் கழித்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கிவந்து, சொல்வதை எழுதுபவர் கிடைப்பாரா, கூடுதல் நேரம் கிடைக்குமா என்று யாரோ விசாரித்துச் சொன்ன பின்பு, தை மாதத்து அறுவடையையும் போட்டுவிட்டு மருத்துவச் சான்றிதழுக்காக அலைகிற அலைச்சல், ஏழு எட்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் நேர்ந்திராது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருந்தது. புத்திக் கூர்மைக்கு எந்தக் குறைவும் இல்லாமல், வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் மட்டும் இடறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதில் இடமே இருக்கவில்லை. 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளை 21 வகையாக விரித்து, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் அவற்றுள் சேர்த்ததோடு, கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரத்தில் கண்டறிந்து தக்க போதனா முறைகளைக் கைக்கொள்ளும் கடமையைத் தன் 16-ஆவது பிரிவில் கல்வி நிலையங்களின் மேலேயே சுமத்தியிருக்கிறது. கடமை பள்ளிக்கூடத்தினுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை இழுத்துக்கொண்டிருக்கும் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில், பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பேரில் முதலில் கவலை கொள்பவள் தாயாகவே இருக்கிறாள்; அவள் வாய் திறந்து கேட்காவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடுகிறது.

எட்டு வயது வரை எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற தவறான அபிப்பிராயத்தை இங்கே அகற்றியாக வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயது நிறைந்த குழந்தைக்கே வழங்கப்படும், 14 வயதிலும் 18 வயதிலும் மறு பரிசோதனை உண்டு, 18-இல் பெறுவது ஆயுள் முழுவதும் செல்லும் என்று மத்திய அரசின் 2018 ஜனவரி வழிகாட்டு நெறிகள் வகுத்தன. வாசிப்பு கைகூடும் வேகம் இளம் வயதில் குழந்தைக்குக் குழந்தை வித்தியாசப்படும் ஆகையால், அவசரப்பட்டு ஒரு முத்திரையைக் குத்திவிடலாகாது என்ற எச்சரிக்கை இதில் அடங்கியிருக்கிறது, அது நியாயமானதுதான். ஆனால், எட்டு வயது வரை காத்திருக்க வேண்டியது சான்றிதழ் ஒன்றே. கற்பிப்பதில் பிரத்தியேகக் கவனம் செலுத்தச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற நோக்கத்தோடு நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகள் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அவ்வப்போது மதிப்பிட்டுப் பதிவு செய்கிறார்கள். இரண்டாம் வகுப்பிலேயே அந்தப் பதிவைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், எட்டு வயதில் மருத்துவர் முன் போய் நிற்கும்போது, குழந்தை எங்கே இடறுகிறது, எந்த உதவிக்குப் பின்னும் இடறுகிறது என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். 14 வயது என்பதும் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு. அப்போதே மறு பரிசோதனையை முடித்துக்கொண்டால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் மூலமாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க முடியும்.

காது, கண், பேச்சு, மனவளர்ச்சி சம்பந்தமான குறைகளிலோ எட்டு வயது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு மாதத் தாமதமும் நஷ்டமே. செவி கேளாத குழந்தைக்கு மொழி என்ற ஒன்று மனத்தில் ஊன்ற வேண்டிய பருவம் பள்ளியில் சேருவதற்கு முன்பே கடந்துவிடுகிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வருவதற்கென்றே ஏற்பட்டது. அந்தக் குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் அனுப்பிவைப்பதும் ஒரு விண்ணப்பம் போன்றதுதான்.

மல்லாங்கிணறு காரியாபட்டி வட்டாரத்தைச் சேர்ந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னால் அவர் வட்டார வள மையத்துக்குத் தெரிவிக்க, அங்கிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார். பிறகு, பல துறை மருத்துவர்கள் ஒரே இடத்தில் கூடும் மருத்துவ முகாமுக்குக் குழந்தை அழைத்துச் செல்லப்படும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இந்தப் பக்கத்தாருக்கு மதுரை என்றிருந்த நிலையும், 2022 ஜனவரியில் விருதுநகரில் ஒன்று திறக்கப்பட்டதும் மாறிவிட்டது. ஆனால் முகாம் என்பது அடிக்கடி வருவதன்று. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநாள் காத்திருக்க நேரும். புரட்டாசி தொடங்கி மாசி வரையில் உழவு, விதைப்பு, களை, அறுப்பு என்று ஒரு நாள் கூலியையும் இழக்க மாட்டாத குடும்பங்கள் முகாமைத் தவறவிடுவதில் ஆச்சரியமில்லை. ஆகவே பள்ளி திறக்கும் ஜூன் மாதமே மனுவுக்கு உகந்த காலம் என்பது என் துணிபு: காடுகள் சும்மா கிடக்கும் காலம், புதிய ஆசிரியர் குழந்தையை அறிந்துகொள்ளும் காலம், வருஷம் முழுவதும் கையிருப்பில் உள்ள காலம்.

மனுவுக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் பெற்றோர் மதிப்பீடு கேட்ட நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் உள்ளாட்சி மன்றம் முடிவு சொல்லியாக வேண்டும். குழந்தைக்கெனத் தனி உதவித் திட்டம் தேவையென்று கண்டால் அது 20 வாரங்களுக்குள் கைக்கு வர வேண்டும். அமெரிக்காவில் பெற்றோரின் சம்மதம் கிடைத்ததிலிருந்து மதிப்பீட்டை முடிக்க 60 நாட்கள் என்பது பொது விதி. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழங்க 2017-ஆம் வருஷத்து விதிகள் ஒரு மாதம் என்று கெடு வைத்திருந்தன. 2024 அக்டோபரில் அது மூன்று மாதமாக நீட்டப்பட்டது. பள்ளிக்கூடத்தில் தாய் கேட்கும் முதல் மதிப்பீட்டுக்கோ, 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ‘கூடிய சீக்கிரம்’ என்று சொல்லியதே தவிர நாள் எதையும் குறிக்கவில்லை. இது பெருங்குறை. பள்ளிக் கல்வித் துறை ஓர் அரசாணையின் மூலம் ஒரு நாள் கணக்கை நிர்ணயிப்பது அத்தனை சிரமமான காரியமும் அன்று.

அது வரும்வரையில் பெற்றோர்களே கெடுவைத் தொடங்கிவைக்க வேண்டும். வாயால் சொல்வது மறக்கப்படும். ஆகையால், குழந்தையின் பெயர், வகுப்பு, எதில் சிரமப்படுகிறது, எப்போதிலிருந்து என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு, படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டிலாவது இருப்பார்கள். வருகிற ஜூனில் அவர்கள் அந்த நான்கு வரியை எழுதிக் கொடுக்க வேண்டும்.