களப்பணி ஒலிப்பதிவுகளும் கோப்பு வடிவ மாற்றமும்

மைசூரில் 1969 சூலை 17 அன்று இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பெற்ற காலத்தில் களப்பணியாளரின் பதிவுக்கருவி காந்த நாடாவே. நாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். அவ்விழப்பைக் காதே காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய கணினிக் கோப்புகளை ஒரு வடிவிலிருந்து பிறிதொரு வடிவிற்கு மாற்றும்போது நேரும் இழப்போ பெரும்பாலும் செவிக்குப் புலனாவதில்லை. ஒலியியலார் இம்மாற்றத்தின் தன்மையை அறிந்திருக்க வேண்டியதன் தேவை இதனாலேயே எழுகின்றது.

நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்னும் அளவில் ஒற்றைத் தடமாகப் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சு, வேவ் வடிவில் ஏறத்தாழ 346 மெகாபைட் இடங்கொள்ளும். அதுவே நொடிக்கு 128 கிலோபிட் வீதமுள்ள எம்.பி.3 வடிவில் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். வலிய ஒலி அருகிலுள்ள மெல்லொலியை மறைக்கும் என்னும் செவிப்புல இயல்பைப் பற்றிக்கொண்டு, கேளாதவை எனக் கருதுவனவற்றை எம்.பி.3 நீக்கிவிடுகிறது. கேட்பதற்கு இது போதும். அளப்பதற்குப் போதுமா என்பதே வினா.

உயர்ந்த வீதத்தில் சுருக்கிய பதிவில் சுருதி, உயிரொலிகளின் ஃபார்மன்ட் ஆகிய அளவீடுகள் பெரிதும் பிறழ்வதில்லை. உரசொலிகளின் நிலை வேறு. அவற்றின் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் பரந்து கிடப்பது. மைசூருக்குத் தெற்கே நீலகிரியில் மிகச் சிலரே பேசும் தோடமொழியை இங்கு எண்ணலாம். சகர இன உரசொலிகள் நான்கு பிறப்பிடங்களில் வேறுபடுவதும், ஆடொலிகள் மூவகைப்படுவதும் அம்மொழியின் தனிச்சிறப்பு. பழைய கைப்பேசிகள் பயன்படுத்திய ஏ.எம்.ஆர். வடிவிலோ மாதிரி வீதம் 8,000 மட்டுமே. 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட எதுவும் அதில் நில்லாது. அவ்வாறு பதிந்த தோட உரசொலிகளின் வேறுபாட்டை அளக்க முயல்வது வீண்முயற்சியே. பேசிய முதியவர் மறைந்துவிட்டால் மறுபதிவுக்கும் வழியில்லை.

காலக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எம்.பி.3 ஆக்கும் மென்பொருள் தொடக்கத்தில் சிறு வெற்றிடத்தைச் சேர்க்கிறது. லேம் என்னும் மென்பொருளின் இயல்பான அமைப்பில் ஆக்கிய கோப்பை, இதனை ஈடுசெய்யாத மென்பொருளில் திறந்தால், பேச்சு 1,105 மாதிரிகள் தள்ளி நிற்கும். 44,100 வீதத்தில் இது 25 மில்லிநொடி. வேவ் கோப்பின்மீது எல்லை குறித்த எழுத்துப்பெயர்ப்பை எம்.பி.3 படியோடு பொருத்தினால், தகர வெடிப்பு குறித்த இடத்தில் இராது. எழுத்துப்பெயர்ப்பாளரைக் குறைகூறுமுன் கோப்பை நோக்குவது நலம்.

மாற்றத்திற்குரிய கட்டற்ற மென்பொருள்களுக்குக் குறைவில்லை. 1991இல் தோன்றிய சாக்ஸ் மாதிரி வீதத்தை மாற்றுவதில் தேர்ந்தது. பெப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் ஏறக்குறைய எல்லா வடிவங்களையும் படிக்கும். ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே நிரலால் மாற்றவும் உதவும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்னும் ஒலியியல் மென்பொருள் வேவ், ஃபிளாக், எம்.பி.3 ஆகியவற்றைத் திறக்கும், ஏ.எம்.ஆர். கோப்பை அதற்கு மாற்றித்தான் தரவேண்டும். பெயரின் ஈற்றிலுள்ள வடிவக்குறியைத் திருத்தினால் மட்டும் கோப்பு மாறிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டியுள்ளது.

இழந்த ஒலியை எம்மாற்றமும் மீட்காது. ஏ.எம்.ஆர். கோப்பை 48,000 வீத வேவ் ஆக்கினால் அளவுதான் பெருகும். 4,000க்கு மேல் வெறுமையே இருக்கும். அதனினும் தீங்கு, வேவ் என்னும் பெயர் பிற்கால ஆய்வாளரை ஏமாற்றுவது. மூலவடிவம் எது, எந்த ஆண்டில் எந்த மென்பொருளால் மாற்றப்பட்டது என்பன பதிவுக்குறிப்பில் இடம்பெறுதல் இன்றியமையாதது; மூலக்கோப்பையும் அழித்தலாகாது.

சேமிப்பகங்களுக்கு 48,000 வீதமும் 24 பிட்டும் குறைந்த அளவாகப் பன்னாட்டு ஒலி, ஒளிப்பதிவு ஆவணக் கழகம் பரிந்துரைக்கிறது. இடம் போதாதவிடத்து 2001இல் வெளிவந்த ஃபிளாக் துணைசெய்யும். ஒரு பிட்டும் இழவாமல் கோப்பை இது பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைக்கிறது. மூல ஒலிக்குரிய சரிபார்ப்பு எண்ணையும் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவைப்பதால், பல்லாண்டு கழித்துத் திறப்பவரும் ஒலி சிதைந்துள்ளதா எனச் சோதிக்க இயலும். கேட்டு எழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு, அந்த ஃபிளாக் கோப்பிலிருந்து எடுத்த எம்.பி.3 படியே போதுமானது.