நீலக் கோட்டு அணிந்த மாணாக்கர்

பங்குனி பிறந்துவிட்டால் நம் ஊர் உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே பரபரப்பு. ஒரு பக்கம் இறுதித் தேர்வு. மறுபக்கம் ஆண்டு விழா. பரிசுக் கோப்பைகள் மேஜைமீது வரிசையாக நிற்க, பந்தலில் அமர்ந்திருக்கும் பெற்றோர் தம் பிள்ளையின் பெயர் அழைக்கப்படுமா என்று காத்திருப்பர். ஓட்டப் பந்தயத்தில் முதலாவது, கட்டுரையில் இரண்டாவது, நாடகத்தில் சிறந்த நடிப்பு என்று பரிசுகள் வழங்கப்படும். ஆனால் தறிக்குழியருகே தகப்பனாருடன் இருந்து பாவு பிணைத்த பிள்ளைக்கோ, சினைப் பசுவை இரவெல்லாம் கண் விழித்துக் காத்த பெண்ணுக்கோ அம்மேடையில் பரிசு உண்டா? பெரும்பாலும் இல்லை. வீட்டுத் தொழில் வீட்டோடு, படிப்பு பள்ளியோடு என்று நாம் ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம்.

இந்தச் சுவரை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இடிக்க முற்பட்டன அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகள். அவ்வரலாற்றை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பயிரிடுவோருக்கு அதில் பங்குண்டு; நெசவாளருக்கும் எதிர்பாராத விதமாக ஒரு பங்கு உண்டு.

1917ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஸ்மித் - ஹியூஸ் சட்டம் என்றொரு சட்டம் நிறைவேறியது. உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மையைப் பாடமாகக் கற்பிக்க மத்திய அரசு பணம் கொடுக்கலாயிற்று. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. வேளாண்மை படிக்கும் மாணாக்கன் ஆண்டுக்கு ஆறு மாதமேனும் ஏதாவது ஒரு பண்ணையில் மேற்பார்வையுடன் வேலை செய்தாக வேண்டும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்னும் கல்வியாளர் 1908 முதல் நடத்திக் காட்டிய முறை இதற்கு முன்மாதிரி. பள்ளித் தோட்டத்தில் எல்லாரும் சேர்ந்து நான்கு பாத்தி கொத்துவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு மாணாக்கனும் தன் வீட்டு நிலத்திலேயே தன் பொறுப்பில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இருபது கோழியோ, இரண்டு பன்றியோ, அரை ஏக்கர் மக்காச்சோளமோ, எதுவாயினும் சரி. உபாத்தியாயர் வீடு தேடி வந்து பார்ப்பார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியைப் பற்றிப் பேசியபோது தக்ளியை நடுவில் வைத்தார் என்பது நம்மவர் அறிந்ததே. இரு முயற்சிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுந்தவை அல்ல. ஆயினும் கை செய்யும் வேலையிலிருந்தே படிப்பு தொடங்கலாம் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

சட்டம் வந்தது, பாடமும் வந்தது. ஆனால் உழவன் வீட்டுப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளைகளின் நடுவே இருந்த கூச்சம் போகவில்லை. அழுக்குக் காற்சட்டையும் சேறு படிந்த காலணியுமாக வருபவன் என்ற ஏளனம் அவனைத் தொடர்ந்தது. படித்த பிள்ளைகள் நிலத்தை விட்டு ஓடினர். இதைக் கண்டு கவலையுற்ற வர்ஜீனியா மாநிலத்து வேளாண் கல்வியாளர்கள் சிலர் 1926இல் மாணாக்கர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதை அடியொற்றி 1928 நவம்பரில் கான்சாஸ் சிட்டி நகரில் 18 மாநிலங்களிலிருந்து 33 பிரதிநிதிகள் கூடி 'அமெரிக்காவின் வருங்கால உழவர்' என்னும் பொருள்படும் தேசியச் சங்கத்தை நிறுவினர். ஆங்கில முதலெழுத்துகளால் எஃப்.எஃப்.ஏ. என்பது அதன் வழக்குப் பெயர். ஆண்டுச் சந்தா 10 சென்ட். பங்குத் தொகை சிறிதாக இருந்தால்தான் ஏழையும் உள்ளே வருவான் என்பதை நம் சங்கங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நெசவாளர் பங்குக்கு வருவோம். ஒஹாயோ மாநிலத்தில் பிரெடரிக்டவுன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் வேளாண் ஆசிரியர் லிண்ட்னர் என்பவர், தம் மாணாக்கரின் வாத்தியக் குழு 1933இல் தேசிய மாநாட்டுக்குச் செல்ல இருந்தபோது அவர்கள் அணிவதற்கென நீல நிறக் கார்டுராய்க் கோட்டுகளைத் தைப்பித்தார். அதே மாநிலத்து வான் வெர்ட் நகரில் அவை தயாராயின. வாத்தியக் குழு அக்கோட்டுடன் மாநாட்டுக்குள் நுழைந்ததும் பிரதிநிதிகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதையே சங்கம் முழுமைக்கும் உரிய உடையாக ஏற்றுக்கொண்டனர். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் உடை ஒரு தேசத்து மாணவ உழவர் அனைவரின் உடையும் ஆயிற்று.

கார்டுராய் எவ்வாறு ஆகிறது என்பதை நம் தறிக்காரர்கள் அறிந்து வைப்பது நல்லது. அடித்துணிக்கு வேண்டிய ஊடையோடு கூடுதலாக வேறோர் ஊடையையும் விடுவார்கள். இக்கூடுதல் ஊடை பல பாவு இழைகளைத் தாண்டி மேலே மிதந்து சென்று, பின் ஓரிடத்தில் கட்டுப்படும். நெய்து முடித்த பின்னர் மிதக்கும் இழைகளைத் துணியின் நீளவாக்கில் வரிவரியாக அறுப்பார்கள். அறுபட்ட நுனிகள் நிமிர்ந்து நிற்கும். தூரிகையால் தேய்த்தால் அவை திரண்டு, கரையோடு இணையாக ஓடும் வரம்புகளாகின்றன. உழுத சால்களைப் போலவே இருக்கும். உழவுப் பிள்ளைகளுக்கு இத்துணி வாய்த்தது தற்செயலே எனினும் பொருத்தந்தான். முரட்டுத் துணி, குளிர் தாங்கும், எளிதில் கிழியாது.

கோட்டின் முன்புறம் மஞ்சள் நூலில் மாணாக்கனின் பெயர். முதுகில் மாநிலத்தின் பெயரும், சங்க முத்திரையும், அதன் கீழ்ப் பள்ளிக் கிளையின் பெயரும் இருக்கும். முத்திரையில் மக்காச்சோளக் கதிரின் குறுக்குவெட்டு, உதய சூரியன், ஏர், ஆந்தை, கழுகு ஆகியவை இடம்பெறும். எல்லா மாநிலத்திலும் விளையும் பயிர் என்பதால் மக்காச்சோளம். கோட்டை அணிந்தால் கழுத்துவரை பூட்டியாக வேண்டும். அங்கத்தினர் அல்லாதார் அதை அணியலாகாது. எந்தச் சேற்றுக் காலுக்காகக் கூசினானோ அந்தத் தொழிலின் பெயரையே மார்பில் தாங்கி, அவன் பள்ளி முற்றத்தில் நடக்கலானான்.

வசந்தகாலம் இவர்களுக்கு ஓய்வில்லாத காலம். ஒஹாயோவில் பனி உருகி நிலம் சேறாகும் மார்ச் மாதத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும். ஏப்ரல் கடைசியில் மக்காச்சோள விதைப்பு தொடங்கும். இவற்றுக்கு இடையில்தான் போட்டிகள், மாநில மாநாடு, பெற்றோர் விருந்து அனைத்தும் நடந்தாக வேண்டும்.

போட்டிகளுள் நம் கருத்தை மிகவும் கவர்ந்தது மண் மதிப்பிடும் போட்டி. வயலில் ஆழமாகக் குழி வெட்டி வைத்திருப்பார்கள். மாணாக்கர் அதில் இறங்கி மண்ணின் அடுக்குகளைப் பார்ப்பார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து நீர் தெளித்துப் பிசைவார்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல அழுத்தி நாடா போல நீட்டுவார்கள். மணற்பாங்கான மண் நாடாவாகவே வராது, உதிர்ந்துவிடும். ஓர் அங்குலத்துக்குள் அறுந்தால் களி குறைவு; இரண்டு அங்குலத்தைத் தாண்டி நின்றால் நல்ல களிமண். வண்டல் மிகுந்ததோ மாவு போல வழவழக்கும். பின்னர் நிலத்தின் சரிவையும் அரிமானத்தையும் கணித்து, அது எட்டு வகுப்புகளில் எதைச் சேர்ந்தது என்று எழுத வேண்டும். முதல் நான்கு வகுப்புகள் சாகுபடிக்கு உகந்தவை. மற்றவை மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் உரியவை. நம் கிராமத்துப் பெரியவர்களும் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தே சொல்வார்கள். அவ்வறிவுக்கு மதிப்பெண் கொடுக்கும் பள்ளிதான் நம்மிடம் அரிது.

கறவை மாடு மதிப்பிடும் போட்டியும் இத்தகையதே. நான்கு பசுக்களை நிறுத்துவார்கள். எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்த வேண்டும். அவ்வளவில் முடிந்துவிடாது. இன்ன பசுவை இன்னதற்கு மேலாக வைத்தது ஏன் என்று, கையில் குறிப்பு ஏதும் இன்றி இரண்டு நிமிடத்தில் நடுவர்முன் நின்று காரணம் சொல்ல வேண்டும். வரிசை தவறினாலும் காரணத்தைத் தெளிவாகச் சொன்னவனுக்கு அதற்குரிய மதிப்பெண் உண்டு.

கூட்டம் நடத்தும் முறைக்கும் ஒரு போட்டி இருக்கிறது. தீர்மானம் கொண்டுவருவது, வழிமொழிவது, திருத்தம் கூறுவது, வாக்கெடுப்பது எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். தலைவர் சுத்தியலை இருமுறை தட்டினால் கூட்டம் தொடங்கும். மும்முறை தட்டினால் அனைவரும் எழுவர். ஒருமுறை தட்டினால் அமர்வர். பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதைத் தேர்ச்சியோடு செய்கின்றனர். நம் சங்கங்கள் சிலவற்றின் பொதுக்குழுவில் தீர்மானத்தை வழிமொழிந்தவர் யார் என்பது மறுநாள் மினிட் புத்தகம் எழுதும்போதுதான் முடிவாகிறது என்பதை இங்கே நினைத்துக்கொண்டோம்!

எல்லாவற்றுக்கும் அடிப்படை கணக்குப் புத்தகம். ஒவ்வொரு மாணாக்கனும் தன் முயற்சியின் செலவு, வரவு, உழைத்த மணிநேரம், தீவன அளவு ஆகியவற்றை எழுதி வரவேண்டும். தகப்பனார் தொழுவத்திலிருந்து இலவசமாக எடுத்த வைக்கோலுக்கும் விலை போட்டுத்தான் ஆக வேண்டும். இலாபம் வந்ததா, நட்டமா என்பது அப்போதுதான் உண்மையாகத் தெரியும். பல கிளைகளில் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து விதையும் தீவனமும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டனர். விளைந்ததைச் சேர்த்து விற்றனர். கூட்டுறவும் சிக்கனமும் இச்சங்கத்தின் நோக்கங்களாகத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டவை. முன்னேற்றத்துக்கு ஏற்பப் படிப்படியாகப் பட்டங்களும் உண்டு. முதற்பட்டத்துக்கு வெண்கல ஊசி, அடுத்ததற்கு வெள்ளி, மாநிலப் பட்டத்துக்குப் பொன்னிறச் சின்னம், தேசியப் பட்டத்துக்குப் பொன்னிறச் சாவி.

இத்தனை சிறப்பையும் சொன்ன நாம் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த நீலக் கோட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. கறுப்பின மாணாக்கர் தமக்கென ஒரு சங்கத்தைத் தாமே வளர்த்தனர். 1927இல் வர்ஜீனியாவில் தோன்றி, 1935இல் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் தேசிய அமைப்பான அதன் பெயர் 'அமெரிக்காவின் புதிய உழவர்' என்று பொருள்படும். அவர்கள் கோட்டு கறுப்பு, எழுத்து பொன்னிறம். முத்திரையில் மக்காச்சோளக் கதிர் இருந்த இடத்தில் வெடித்த பருத்திக் காய்! பருத்தி நூலை நம்பி வாழும் நாம் இதைப் படிக்கையில் சற்றே நின்றுவிட்டோம். தலைமுறை தலைமுறையாகத் தம் முன்னோர் அடிமைகளாகப் பறித்த பருத்தியை அப்பிள்ளைகள் தம் மார்பில் பெருமையாகத் தாங்கினார்கள்.

1965இல் இரு சங்கங்களும் ஒன்றாயின. ஒன்றாயின என்று ஏடுகள் சொல்லும். உண்மையில் ஒன்று மற்றொன்றுள் கரைந்தது. ஏறத்தாழ 50,000 கறுப்பின அங்கத்தினர் வந்து சேர்ந்தனர். ஆனால் கறுப்புக் கோட்டும், பருத்தி முத்திரையும், அவர்கள் பழகி வளர்த்த தலைமைப் பதவிகளும் மறைந்தன. கறுப்பின அங்கத்தினர் தொகையும் பின்னர்ச் சுருங்கியது. சங்கங்களை இணைப்பது பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் சிறிய சங்கத்தார் முகத்தில் தோன்றும் தயக்கத்தை நாம் பிற்போக்கு என்று தள்ளிவிடுவதுண்டு. இவ்வரலாற்றை அறிந்த பின் அவ்வாறு தள்ள நமக்கு மனம் வரவில்லை. ஒரு கறுப்பின இளைஞர் தேசியத் தலைவராக வருவதற்கு 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிகாகோ நகரத்தைச் சேர்ந்த கோரி ஃப்ளர்னாய் என்பவரே அவர்.

பெண்களின் நிலையும் இதுவே. பண்ணையில் பால் கறந்தவர்கள், கோழி வளர்த்தவர்கள் பெண்கள். சங்கத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. தேசிய அளவில் அவர்களை முழு அங்கத்தினராக ஏற்கும் தீர்மானம் 1969இல்தான் நிறைவேறியது. 1982இல் ஜேன் எபர்லி என்ற பெண் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1988இல் சங்கத்தின் பெயரும் மாறியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமின்றி உணவுத் தொழில், வனம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றை நாடும் நகரத்துப் பிள்ளைகளும் வரலாயினர். 2023-24ஆம் ஆண்டில் அங்கத்தினர் தொகை 10 லட்சத்தைக் கடந்தது.

கோட்டு வாங்கப் பணமில்லாத பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுக்காக நன்கொடையாளர் கோட்டு வாங்கித் தரும் ஏற்பாடும் இருக்கிறது. வசந்தகால முடிவில் பெற்றோர் விருந்து நடைபெறும். விருந்தில் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதியவனுக்கும் பரிசு, மண்ணை அறிந்தவளுக்கும் பரிசு. பள்ளியை முடித்துச் செல்லும் மூத்தவர்கள் அங்கேதான் தம் கோட்டைக் கடைசி முறையாக அணிவது பல பள்ளிகளில் வழக்கம். முழங்கை தேய்ந்து, வரம்புகள் மழுங்கி, கை குட்டையாகிப்போன அக்கோட்டுகளை மாணாக்கர் கழற்றி மாட்டும் வேளையில், அடுத்த ஆண்டு சேரவிருக்கும் சிறுவர் சிறுமியர் தத்தம் பெற்றோர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பர்.