கைபேசி இல்லாதவரும் நோயாளியே

மட்டக்களப்பு நகரில் தனியார் வைத்தியரைச் சனல் பண்ணும் வேலை இப்போது கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. அரச வைத்தியசாலைகளிலும் நோயாளர் பதிவு கொப்பியிலிருந்து கணினிக்கு மெல்ல மாறிவருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அதன் பயன் நகரத்தார் எல்லாருக்கும் ஒரேபோல் கிடைப்பதில்லை. புளியந்தீவில் மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்குக் கைகூடுவது, வாவியில் அன்றாடம் வலை வீசிப் பிழைப்பவருக்கு எளிதில் கைகூடாது. ஆகவே செயலி வைத்தியத்துக்கு இன்னொரு வாசலாக இருக்கட்டும். ஒரே வாசலாக ஆக விடக்கூடாது.

"இப்போது யாரிடம்தான் போன் இல்லை?" என்று கேட்பார்கள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன் என்றால் அது தொழிலுக்குப் போகிறவரிடமோ படிக்கிற பிள்ளையிடமோதான் இருக்கும். சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போகும் அம்மம்மாவிடம் இருக்காது. பதிவை உறுதிசெய்யும் ஓடிபி இலக்கம் கட்டாரில் வேலை செய்யும் மகனின் போனுக்குப் போகும். அவர் வேலைத்தளத்தில் நிற்பார். வேறு வழியின்றிக் கொமினிகேஷன் கடையில் அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் நீட்ட வேண்டிவரும். அங்கே இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது: நோய் விவரம் அந்நியர் போனில் படமாகத் தங்கிவிடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலுக்குத் தனிக் காப்பு வகுத்திருந்தாலும், எடுத்த படத்தை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்வதே உடனடிக் காப்பு. தொலைபேசியில் கேட்பவர் யாரானாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

செயலிப் பதிவு, நேரடிப் பதிவு என இரண்டு முறைகளையும் நடத்தினால் செலவு கூடும் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு நம் நாட்டு அனுபவமே பதில். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த 1990 இலவச அம்பியுலன்ஸ் சேவையை மிகச் சாதாரண போனிலிருந்தும் அழைக்கலாம். கணினி வேலை முழுவதும் சேவையின் பக்கம் நடக்கிறது, நோயாளி பேசினால் போதும். 2020 ஊரடங்கில் கிளினிக் நோயாளரின் வீட்டுக்கே தபால்காரர் மருந்து கொண்டுவந்தார். தொழில்நுட்பத்தின் பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றாமல் சேவை நடத்த முடியும் என்பதற்கு இவையே சான்று. இணையப் பதிவால் மிச்சமாகும் ஊழியர் நேரத்தை, நேரில் வருகிறவருக்குத் துண்டு கொடுக்கவும் விளக்கம் சொல்லவும் செலவிட்டால் வரிசையும் குறையும்.

சுகாதார உரிமை நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியாக எழுதப்படவில்லை. ஆனால் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும் மொழியால் பாகுபாடு காட்டப்படாமையையும் உறுதிசெய்கிறது. கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஆகவே போன் இல்லை என்று அரச வைத்தியசாலையில் திருப்பி அனுப்பினாலோ, தமிழில் சேவை மறுத்தாலோ, திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு முதலில் பணிப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நேரில் வருகிறவருக்கு என்ன ஏற்பாடு உண்டு என்று தகவல் அலுவலரிடம் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்லும் கால எல்லை ஒரு மாதமே என்பதால் தாமதிக்காதீர்கள். தனித்தனியே முறையிடுவதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைப்பது பலன் தரும்: எந்தப் புதிய செயலி வந்தாலும், ஆள் இருக்கும் ஒரு கருமபீடமும் தமிழில் பேசும் ஒரு தொலைபேசி இலக்கமும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும்.