திறவுகோலைக் கொடுக்காமல் கதவைத் திறப்பது

பங்கின் பொன்விழா மலரைத் தொகுக்கும் பணி முன்னாளில் பங்கு இல்லத்தின் முன்னறையில் நடந்தது. இந்நாளில் அது இணையத்தில் நடக்கிறது. கட்டுரை எழுதுவோர் ஊரில் இருப்பர்; பழைய நிழற்படங்களை அனுப்புவோர் வளைகுடா நாடுகளில் இருப்பர்; அச்சகத்தார் சிவகாசியிலும், கணக்குத் தணிக்கையாளர் மாவட்டத் தலைநகரிலும் இருப்பர். எல்லாரும் ஒருங்கே கை வைக்கத்தக்க பணித்தளம், கூகுள் டிரைவ் போன்றதொன்று, தேவையாகிறது. இதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் மலருக்கான கோப்புகளின் பக்கத்திலேயே குடும்ப அட்டைகளும், திருமுழுக்குப் பதிவேட்டின் நகல்களும், மறைக்கல்விச் சிறுவரின் பெயர்ப் பட்டியலும் இருக்குமாயின், வெளியாரை எவ்வாறு உள்ளே அழைப்பது?

வழக்கில் உள்ள முறைகள் இரண்டு. இரண்டும் நமக்கு அச்சத்தையே தருகின்றன. பங்கு அலுவலகத்தின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது ஒன்று. இதில் யார் எதைப் பார்த்தார், எதை அழித்தார் என்று அறிய வழியில்லை. யாவும் அலுவலகத்தின் பெயரிலேயே பதிவாகும். பணி முடிந்த ஒருவரை மட்டும் விலக்கவும் இயலாது. 'லிங்க் உள்ள எவரும் காணலாம்' என்று கோப்புறையைத் திறந்து விடுவது மற்றொன்று. அந்த லிங்க் கைமாறிக் கைமாறி எங்கே போய் நிற்கிறதென்று யார் அறிவார்?

ஏடுகளைக் காப்பதில் திருச்சபை நெடுங்கால அனுபவம் உடையது. திருமணப் பதிவேட்டைப் பங்குத் தந்தை பேண வேண்டுமென்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563 இல் கட்டளையிட்டது. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, மறைமாவட்ட ஆவணக் காப்பகம் பூட்டப்பட்டிருக்க வேண்டும், திறவுகோல் ஆயரிடமும் சான்சலரிடமும் மட்டுமே இருத்தல் வேண்டும் என்று 487 ஆம் எண்ணில் விதிக்கிறது. அதே விதி, இசைவு பெற்றவர் உள்ளே செல்வதைத் தடுக்கவில்லை. உள்ளே செல்லும் இசைவு வேறு, திறவுகோல் வேறு அன்றோ!

கணினி அறிஞரும் இவ்வேறுபாட்டையே நாடினர். அதே 1983 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிய அதீனா திட்டத்தில் கெர்பரோஸ் என்னும் முறை பிறந்தது. (பாதாள வாயிலைக் காப்பதாகக் கிரேக்கப் புராணம் கூறும் மூன்று தலை நாயின் பெயர் அது, கணினிக்கும் புராணம் தேவைப்படுகிறது போலும்!) ஓரிடத்தில் தம்மை மெய்ப்பித்தவர், அங்கே பெற்ற சீட்டைக் காட்டிப் பல இடங்களுக்குள் நுழையலாம் என்பதே அதன் கருத்து. 2005 இல் வந்த சாம்ல் 2.0, 2014 இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட் ஆகிய நெறிகள் இணையத்தில் இதனை எளிதாக்கின. சிங்கிள் சைன்-ஆன், அதாவது ஒற்றை உள்நுழைவு, என்பது இதுவே.

தணிக்கையாளரை நாம் விருந்தினராக அழைக்கிறோம் என்று கொள்வோம். அவர் நம் தளத்தின் வாயிலுக்கு வந்ததும், தளம் அவரை அவருடைய சொந்த அலுவலகத்தின் வாயிலுக்கே திருப்பி அனுப்புகிறது. அங்கே அவர் தம் கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் தருகிறார். 'இவர் இன்னாரே' என்று மின்னொப்பம் இட்ட, சிறிது நேரமே செல்லுபடியாகும் சான்று ஒன்றை அவ்வலுவலகம் வழங்க, அதைக் கண்டு நம் தளம் கதவைத் திறக்கிறது. அவருடைய கடவுச்சொல் நம்மிடம் வருவதேயில்லை. நம்முடையது அவரிடம் செல்வதுமில்லை. வேற்றுப் பங்கில் மணம் முடிக்கச் செல்லும் மணமகனுக்குச் சொந்தப் பங்குத் தந்தை முத்திரையிட்டுத் தரும் கடிதத்தை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவர் அவ்வலுவலகப் பணியினின்று விலகி, அங்கே கணக்கு மூடப்பட்டால், அடுத்த முறை நுழைய முற்படுகையில் நம் கதவும் திறவாது.

ஆனால் அக்கடிதம் அவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். அவர் எதைக் காணலாம் என்பதை முடிவு செய்வது நம் கடமை. தணிக்கையாளருக்குக் கணக்குக் கோப்புறை, அதுவும் படிக்க மட்டும். அச்சகத்தாருக்கு மலர்க் கோப்புறை. திருமுழுக்கு ஏட்டு நகல்களும் சிறுவர் பட்டியலும் அங்கே இருக்கவே கூடாது. தனித் தளத்தில் இருக்கட்டும். பதினெட்டு வயது நிறையாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவை 2023 இல் இயற்றப்பட்ட இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோருகிறது என்பதையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

இம்முறைக்கும் குறை உண்டு. ஒரு சாவி பல கதவுகளைத் திறக்குமாயின், அது களவுபோனால் இழப்பும் பெரிது. ஆகையால் கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பு இன்றியமையாதது. மேலும், சிறிய அச்சகத்தில் பணிபுரிபவர் பெரும்பாலும் தம் சொந்த ஜிமெயில் கணக்கினாலேயே வருவார். அவருக்குக் கூகுளே சான்று பகரும். அவர் வேலையை விட்டு நீங்கினாலும் அக்கணக்கு மூடப்படாது. அவர் பெயரை நாமே நீக்கியாக வேண்டும். மலர் வெளியான மறுவாரமே பங்குப் பேரவைச் செயலர் விருந்தினர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயராக நோக்கட்டும்.

பணித்தளத்தின் நிர்வாகக் கணக்கு, ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரின் சொந்தப் பெயரில் இருப்பதும் பல பங்குகளில் காணப்படுகிறது. அதைப் பங்கின் பெயருக்கு மாற்றி, இருவர் பொறுப்பில் வைத்தல் வேண்டும். பங்குத் தந்தை மாற்றலாகிச் செல்லும் நாளில், பதிவேடுகளும் பூசைப் பாத்திரங்களும் எழுதப்படும் கையேற்புப் பட்டியலில் அக்கணக்கையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.